சேவுக்கடைக்கு ஒரு புரொபோசல்

இந்தக் கதையில் ஒரு இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சத்தியம். ஆனால் அந்த இடம் இது இல்லை, அதனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். முதலில் வெங்காயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒன்றிரண்டு வெங்காயம் இல்லை. மூட்டை மூட்டையாக வெங்காயம். பராக்குளம் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி. அவருக்கு மூட்டைகளை அடுக்கக் காற்றோட்டமான ஓர் அறை வேண்டும். கடைத்தெருவில் பூரணத்தக்கா வீட்டு மாடியில் அப்படி ஓர் அறை இருந்தது. பிரச்சினை என்னவென்றால், அதில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள்.

அக்காவின் தம்பி வேல்மயிலும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் அங்கே 'மயில் டிசைன்ஸ்' என்று ஒரு கம்பெனி நடத்தினார்கள். நடத்தினார்கள் என்றால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் 'ஃப்ரீலான்ஸ் டிசைனர்கள்' என்று பலகை மாட்டிய அன்றைக்கு ஊரே திரண்டு வந்தது. முதல் மூன்று எழுத்தை மட்டும் படித்துவிட்டு வந்த கூட்டம். ஒருத்தர் தூக்குச்சட்டியே கொண்டு வந்திருந்தார். விஷயம் தெரிந்து கலைந்து போனவர்கள் திரும்ப வரவே இல்லை.

பூரணத்தக்கா மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டாள்.

"ஏலே வேலு, வெங்காயம் வாடகை குடுக்கும். நீங்க என்னத்தக் குடுப்பிய? வெள்ளிக்கிழம மூட்டையோட வாராராம். அதுக்குள்ள ஒரே ஒரு பார்ட்டி, ஒரே ஒரு வேலை பிடிச்சுக் காட்டு. இல்லன்னா நீங்க கீழ, வெங்காயம் மேல."

வேல்மயிலுக்கு அந்த அறையை விட்டால் மாமாவின் செங்கல் சூளைதான் போக்கிடம். சூளைக்குப் போவதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஜன்னலோர மேசையில் குனிந்து எழுத்து எழுத்தாக வரையும்போது மட்டும்தான் அவன் கை சொன்னபடி கேட்கும். மற்ற நேரமெல்லாம் டீ டம்ளரைக்கூடத் தட்டிவிடுகிற கை அது. செங்கல்லை அந்தக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

வெங்காயம் முடிந்தது. சிரிப்புக்குப் போகலாமா? முடியாது. ஆட்களை அறிமுகப்படுத்த வேண்டும். குரலோடு சேர்த்துச் சொல்கிறேன். படிக்கும்போது அந்தந்தக் குரலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

வேல்மயில் பேசினால், கல்யாண மண்டபத்து மைக்கில் 'அனைவரும் இருந்து உணவருந்திச் செல்லுமாறு' என்று வருமே, அந்தக் குரல். பல்வலி என்றாலும் அதே குரல்தான். மாரீஸ்வரி கம்ப்யூட்டர் பார்க்கிறவள். அவள் வாயில் எல்லாமே கேள்வியாக வரும். பெயரைக் கேட்டால்கூட "மாரீஸ்வரியா?" என்பாள். சோலையப்பன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், நீங்கள் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்துவிடலாம். நாலாவது ஆள் பேச்சிமுத்து. பெயரில்தான் பேச்சு. வாயைத் திறக்கவே மாட்டான், ஆனால் ஆள் நல்ல அகலம்.

இவர்கள் பிடிக்க நினைத்த பார்ட்டி எங்கோ இல்லை. மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, தவசிலிங்கம் அண்ணாச்சியின் சேவுக்கடை. அண்ணாச்சிக்குத் தன் காரச்சேவை அழகான பாக்கெட்டில் போட்டு வெளியூர் அனுப்ப வேண்டும் என்று ஆசை. அவர் குரல், அலுமினியச் சட்டியில் சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கவும். இன்னொரு விஷயம், அவருக்குத் தோற்கத் தெரியாது. தாயம் விளையாட உட்கார்ந்தால், அவர் ஜெயிக்கும் வரைக்கும் ஆட்டம் நடக்கும். எதிராளிக்குப் பிழைப்பு இருந்தால் சீக்கிரம் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

நாலு பேரும் போய் நின்றார்கள். வேல்மயில் மண்டபத்துக் குரலில் பாக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாயால சொல்லுததெல்லாம் காத்துல போயிரும்லே. எதுன்னாலும் எழுத்துல குடுங்க. புரொபோசல்னு சொல்லுவாங்கள்லா, அது. பாத்துட்டுச் சொல்லுதேன்."

புரொபோசல் என்றதும் அவர்கள் காதல் கடிதம் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? சேச்சே. அவர்கள் என்ன அவ்வளவு முட்டாள்களா? அதைவிடப் பெரிய முட்டாள்கள்.

மாடிக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடந்தது.

"அண்ணாச்சி என்ன கேட்டார்?" என்றான் வேல்மயில்.

"எழுத்துல குடுக்கச் சொன்னாரா?" என்றாள் மாரீஸ்வரி.

"எந்த... எழுத்துன்னு... சொல்லலையே..." என்றான் சோலையப்பன்.

மூவரும் யோசித்தார்கள். பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான்.

"சொல்லலைன்னா எல்லா எழுத்தும்னுதான் அர்த்தம்" என்று தீர்ப்புச் சொன்னான் வேல்மயில். "மொத்தம் இருநூத்தி நாப்பத்தேழு. ஒண்ணை விட்டாலும் 'அது எங்கலே'ன்னு கேப்பாரு."

"ஙௌவுமா? அதை யாரும் தொடுறதே இல்லையே?"

"தொடாததுனாலதான் புதுசா இருக்கும். பார்ட்டிக்குப் பழசையா குடுப்பாங்க?"

"ஆய்த எழுத்து... சேவுக்கு... எதுக்குண்ணே?"

வேல்மயில் ஒரு தாளில் ஆய்த எழுத்தை எழுதிப் பார்த்தான். பிறகு சொன்னான். "மூணு புள்ளிதானே? சேவுல கிடக்குற மிளகு மாதிரி இருக்கும். வை."

வேல்மயில் ஒவ்வோர் எழுத்தையும் தானே ஓர் அட்டையில் வரைந்தான். முட்டாளாக இருந்தாலும் எழுத்து மட்டும் அவன் கையில் அத்தனை அழகாக வரும். அட்டையைக் கையில் வாங்கிய அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அ, ஆ, இ, ஈ என்று வாசித்துக்கொண்டே போனார். 'ஞீ' வரைக்கும் பொறுமையாகப் போனார். அவரும் மனுஷன்தானே.

"ஏலே! நான் ஒண்ணாங்கிளாஸ்ல விட்ட இடத்துலருந்து ஆரம்பிக்கியளா?"

"எழுத்துல கேட்டியளே அண்ணாச்சி. ஒண்ணுகூடக் குறையாது. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"கோட்டிக்காரப் பயலுவளா, இம்புட்டு எதுக்குலே எனக்கு? சுருக்கமாக் குடுங்க! சுருக்கமா இருந்தாத்தான் புரொபோசல்."

திரும்பவும் கதவு சாத்தப்பட்டது.

"சுருக்கம்னா எங்க மாமா சட்டையில இருக்குமே, அதா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"அதேதான்."

"அயர்ன்காரர்கிட்ட... குடுத்தா... போயிருமே..."

"நாம எதுக்குக் குடுக்கப் போறோம்? பார்ட்டி கைக்குப் போற வரைக்கும் சுருக்கம் நிக்கணும். அதுதான் தொழில் சுத்தம்."

இந்தத் தடவை ஒரு தாளில் பாக்கெட்டைப் பற்றி ஏதோ எழுதினார்கள். நல்லபடியாகத்தான் எழுதினார்கள் என்று கேள்வி. ஆனால் என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதைத் தண்ணீரில் நனைத்து, வேட்டி பிழிகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கி, பந்தாக உருட்டி, அதன் மேல் பேச்சிமுத்துவை உட்கார வைத்தார்கள். பூரணத்தக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னலே பண்ணுதிய?"

"புரொபோசலைச் சுருக்குதோம்கா."

அக்காவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. பயலுகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டதே! "நல்லாச் சுருக்குங்க" என்று சொல்லி நாலு டீ கொடுத்தனுப்பினாள்.

அண்ணாச்சி அந்த உருண்டையை விரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது என்னலே, ஆடு மென்னு துப்பினதா?"

"சுருக்கம் அண்ணாச்சி. இதுக்கு மேல சுருக்கினா கிழிஞ்சிரும்" என்றான் வேல்மயில் பணிவாக.

அண்ணாச்சி அதைக் குப்பைக்கூடையில் போட்டார். "எழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சும்மா ஒரு மாதிரி காட்டுங்க. போதும். போங்க."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி தலையை நிமிர்த்தியபோது கடை வாசலில் நாலு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். வேல்மயில் ஒரு கண்ணை மட்டும் பாதி மூடியிருந்தான். மாரீஸ்வரி தலையைச் சாய்த்து நாக்கை மடித்து வைத்திருந்தாள். சோலையப்பன் விழப்போகிறவன் மாதிரி நின்றும் விழவில்லை. பேச்சிமுத்து காரணமே இல்லாமல் புன்னகை செய்தான். சேவு வாங்க வந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

"ஏலே, ஏன்லே எல்லாரும் ஒரு மாதிரியா நிக்கிய?"

நாலு பேருக்கும் முகமெல்லாம் மலர்ந்தது. "பிடிச்சிருக்கா அண்ணாச்சி?"

பொறுங்கள். சிரிப்பு இன்னும் வரவில்லை. இது முன்னால் வைக்கிற ஊறுகாய். இலையில் இன்னும் சோறே விழவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெங்காய வண்டி சந்தையிலிருந்து கிளம்பியாயிற்று என்று செய்தியும் வந்துவிட்டது. வேல்மயில் ஓடினான். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள். அண்ணாச்சி அப்போதுதான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வெங்காயம் வந்திரும் அண்ணாச்சி!"

"வந்தா வரட்டும்லே. நான் பக்கோடா போடுதேன்."

"இல்ல அண்ணாச்சி. இந்த வேலையை விட்டா எனக்கு ரூம் போயிரும். என்ன எழுதினா உங்களுக்குப் பிடிக்கும்னு நீங்களே சொல்லிருங்க. அப்படியே செய்யுதோம்."

மண்டபத்து மைக் கொஞ்சம் கரகரத்தது. அண்ணாச்சிக்கும் லேசாக இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில்தான் அவர் தன் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தார். அறிவுரை சொன்னார்.

"இங்க பாரு மக்கா. ஒரு புரொபோசல் எழுதினா, மொதல்ல என் இடத்துல இருந்து பாக்கணும். இதை நான் வாங்குவேனா, மாட்டேனான்னு என் இடத்துல உக்காந்து யோசிக்கணும். அங்கேருந்து பாத்து உங்களுக்கே பிடிச்சாப் பொறவு எங்கிட்ட வாங்க. வெளங்குதா?"

"வெளங்குது அண்ணாச்சி!"

அவர் தெருமுனை திரும்பியதும் நாலு பேரும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். கை வைத்த, பழைய தேக்கு நாற்காலி. அதுதான் அண்ணாச்சியின் இடம். உள்ளே மாஸ்டர் சேவு பிழிந்துகொண்டிருந்தார். அவருக்குக் கொதிக்கிற எண்ணெயைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது.

"யாரு உக்காரது?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"அண்ணாச்சி அளவுக்கு... அகலம்... நம்மள்ல..." என்று சோலையப்பன் முடிப்பதற்குள் பேச்சிமுத்து உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் இறுக்கம்தான். இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து, 'தொப்' என்று உள்ளே இறங்கினான். அண்ணாச்சியின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு கை சேவை அள்ளி வாயில் போட்டான். பிறகு, அவன் வாயிலிருந்து சட்டிக்குள் சல்லிக்கல் உருளுகிற சத்தம் வந்தது.

"என்னலே கொண்டாந்திருக்கிய?"

மூவரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். அண்ணாச்சியேதான்!

வேல்மயில் ஒரு தாளை எடுத்து நீட்டினான். அன்று காலையில் நாலு பேரும் சேர்ந்து எழுதியது. பேச்சிமுத்து கண்ணாடி இல்லாமலே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தான்.

"பிடிக்கல."

"ஏலே பேச்சி, இது நீயும் சேர்ந்து எழுதினதுதானே?" என்றாள் மாரீஸ்வரி.

"எழுதினது பேச்சிமுத்து. அவன் ஒரு கூறுகெட்ட பய. நான் அண்ணாச்சி. அவன் எழுதினது எனக்கு எப்படிப் பிடிக்கும்?"

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. வேறொன்று எழுதினார்கள். பிடிக்கல. கெஞ்சினார்கள். "போங்கலே, சோலி கெடுது." வேல்மயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் சினேகிதனாக இருந்த பேச்சிமுத்து மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும், அவன் எங்கே போய்த் தொலைந்தானோ என்று நினைத்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் நிஜ அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு, பல்குச்சியோடு வந்து சேர்ந்தார்.

"எந்திலே அங்கேருந்து!"

"வரிசையில நில்லுங்க" என்றது நாற்காலி.

அண்ணாச்சி உள்ளே பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். பேச்சிமுத்து வந்தான். நாற்காலியும் வந்தது. பின்னால் போய் நாற்காலியை இழுத்தார். நாற்காலி வந்தது. பேச்சிமுத்துவும் வந்தான். கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூச்சு வாங்க, பழைய இடத்திலேயே இரண்டையும் விட்டார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க" என்று வேல்மயில் மரியாதையாக விளக்கினான். "நீங்க சொன்னபடிதான் உங்க இடத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கான். புரொபோசல் பிடிச்சதும் எந்திரிச்சிருவான்."

"எப்ப பிடிக்கும்?"

"நாங்க நல்லா எழுதினதும்."

"நீங்க எப்பலே நல்லா எழுதுவிய?"

சோலையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அண்ணாச்சிக்கு அதற்கெல்லாம் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"கொண்டாலே பேனாவ! ஒரு புரொபோசல் எழுதத் துப்பில்ல, டிசைன் பண்ண வந்துட்டானுவ. எப்படி எழுதணும்னு நான் காட்டுதேன். எழுதின உடனே அவன் எந்திக்கணும், சொல்லிட்டேன்."

மிட்டாய் டப்பா மூடியின் மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். தாத்தா காலத்தில் கடை ஆரம்பித்தது, கடலைமாவின் பெருமை, பக்கத்துக்கடை சேவு ஏன் நமத்துப்போகிறது, எல்லாம். நாற்காலியிடம் நீட்டினார்.

பேச்சிமுத்து வாசித்தான். சேவு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சுருக்கமா இல்லையே."

"என்னது?"

"பிடிக்கலன்னேன்."

அண்ணாச்சியின் காதோரம் சிவந்தது. தாயத்தில் தோற்கத் தெரியாத மனிதர் என்று சொன்னேனே. கடையை மறந்தார். நாற்காலியை மறந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் 'பிடிக்கல' என்ற ஒரே சொல்தான்.

"இங்க நின்னு எழுதினா ஓடாதுலே. உங்க ரூம்ல உக்கார மேசை இருக்குல்லா? வாங்க!"

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். வேல்மயிலின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். பூரணத்தக்கா டீ கொண்டு வந்து வைத்தாள். பெரிய மனுஷர் ஒருத்தர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குத் தம்பி மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

"ஏலே வேலு, அந்த ஆளுக்கு என்னதாம்லே பிடிக்கும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"காரம் பிடிக்கும் அண்ணாச்சி. கோவம் ஜாஸ்தி. சட்டுனு வள்ளுனு விழுவாரு."

"பாத்தேன் பாத்தேன். சரியான முசுடு. இந்த மாதிரி ஆளுககிட்ட எப்படிலே வேலை வாங்குதிய?"

"அதைத்தானே நாங்க அழுதுக்கிட்டிருக்கோம்?" என்றாள் மாரீஸ்வரி.

"ஒரு வார்த்தை தன்மையாப் பேசுதானா பாரு. எழுதினவன் எம்புட்டு யோசிச்சு எழுதியிருப்பான்னு ஒரு நெனப்பு இருக்கா?" அண்ணாச்சி சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுருக்கமா, சுருக்கமான்னா? என்ன பெரிய..."

"தண்ணில நனைச்சு... முறுக்கினா..." என்று சோலையப்பன் ஆரம்பித்தான்.

"சும்மா இருலே, யோசிக்கேன்."

யோசித்தார். பேனாவின் முனையைக் கடித்தார். வாசலில் வெங்காய வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேற ஆரம்பித்தார்கள். வேல்மயில் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணாச்சி எழுதினார். கடைசியில் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

'பாக்கெட்டில் உள்ளே இருக்கும் சேவு வெளியே தெரியணும். கடைப் பேர் பெரிசா இருக்கணும். பாத்த உடனே நாக்கு ஊறணும். வேற ஒண்ணும் வேண்டாம்.'

மூட்டைக்காரர்களைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு அண்ணாச்சி படியிறங்கி ஓடினார். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். தலைமுடியை உள்ளங்கையால் படிய வைத்தார். கடைக்கு முன்னால், வெயிலில், மூவருடன் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பையன் அரை கிலோ மிக்சர் வாங்கி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். எதிர் மாடியில் பூரணத்தக்கா ஒரு கையால் வெங்காய மூட்டையைத் தடுத்தபடி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா" என்றார் அண்ணாச்சி, தாளை இரண்டு கையாலும் நீட்டி. "கொஞ்சம் மனசு வச்சுப் பாருங்க. நாலு பிள்ளைங்க பொழப்பு."

பேச்சிமுத்து படித்தான். திரும்ப ஒரு தடவை படித்தான். ஒரு சேவை எடுத்துப் பார்த்தான். கடித்தான். வேல்மயிலின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அண்ணாச்சியின் நெற்றியில் அதைவிட அதிகமாக வழிந்தது.

"ம்."

"சொல்லுங்கய்யா!"

"நல்லாருக்கு. வேலை உங்களுக்குத்தான்."

அண்ணாச்சி ஒரு குதி குதித்தார்! இந்த வயதில் அப்படி ஒரு குதியைப் பராக்குளம் பார்த்ததில்லை. வேல்மயிலைக் கட்டிப்பிடித்தார். சோலையப்பனைத் தூக்கினார். மாரீஸ்வரியின் தலையில் கை வைத்து, "ஜெயிச்சிட்டோம் ஏட்டி!" என்றார். மாடியிலிருந்து பூரணத்தக்காவின் குரல் கேட்டது.

"வெங்காயத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க! என் தம்பிக்கு வேலை கெடைச்சாச்சு!"

மூட்டைகள் ஏறிய படியிலேயே இறங்கின. வண்டி திரும்பிப் போனது. வேல்மயில் அழுதுகொண்டே சிரித்தான். 'அனைவரும் இருந்து உணவருந்திச் செல்லுமாறு' குரலில் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த நன்றி நாற்காலிக்காரருக்கா, பக்கத்தில் நின்றவருக்கா என்று அவனுக்கே தெரியாது.

"டிசைன் எப்ப கெடைக்கும்?" என்றான் பேச்சிமுத்து கறாராக. புரொபோசல் பிடித்துவிட்டதே, எழுந்திருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவனும் எழுந்து பார்த்தான். நாற்காலி விடவில்லை.

"இப்பவே ஆரம்பிச்சிருதோம்யா. பொழுது சாயறதுக்குள்ள கையில குடுத்திருதோம்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி மூவரையும் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினார். "வெரசா வாங்கலே! நல்ல பார்ட்டி. கைவிட்டுப் போயிரக்கூடாது."

அப்புறம் மாடியில் வேலை நடந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேல்மயில் பென்சிலால் எழுத்தை வரைந்து கொடுத்தான். அண்ணாச்சி நாக்கை ஓரமாக நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் சிவப்பு தீட்டினார். த. வ. சி. ஒரு சொட்டு சிந்தியதற்காகச் சோலையப்பனைத் திட்டினார். தன் காலத்தில் இத்தனை நிம்மதியாக ஒரு வேலை பார்த்ததே இல்லை என்றார். லி. ங். மாரீஸ்வரி சாயம் கலந்து கொடுத்தாள். க. ம். அடுத்த வரிக்குப் போனார். சே. வு.

கீழே தெருவில் யாரோ ஓர் அம்மா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி! கால் கிலோ சேவு!"

"இந்தா வாரேன் தாயி" என்று தூரிகையை எடுக்காமலே அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஆனால் சொல் வெளியே வருவதற்குள், அதே சல்லிக்கல் குரல் கீழேயிருந்து பதில் சொன்னது.

"இந்தா வாரேன் தாயி! காரம் போடவா, மிளகு போடவா?"

தூரிகை நின்றது.

அண்ணாச்சி ஜன்னல் வழியே எதிர்க்கடையைப் பார்த்தார். கடைப் பலகையைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் தன் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் சேவைத் தின்றுகொண்டு, தன் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த அகலமான ஆளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, தன் கையாலேயே சிவப்பு தீட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.

"ஏலே வேலு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்தத் தவசிலிங்கம்ங்கிறது..." அண்ணாச்சியின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. "ஏலே... அது நாந்தானேலே? அது என் கடைல்லா!"

மாரீஸ்வரி பதறிப்போய் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்களேன் அண்ணாச்சி? பார்ட்டி காதுல விழுந்திரப் போகுதுல்லா?"